சைனஸ் லிஃப்ட்டுக்கு எலும்புத் தூள்: பயோ-ஓஸும் மற்றவையும், மலையகக் கணக்கில்

சைனஸ் லிஃப்ட்டில் இம்பிளான்ட்டுக்காக வைக்கும் எலும்புத் தூளுக்கு ஓர்டர் கொடுக்கும்போது கிராமைச் சொல்லித்தான் கேட்கிறோம். சைனஸை நிரப்புவதோ கன அளவு. மாட்டெலும்புத் தூளான பயோ-ஓஸின் சிறு துகள், அதாவது 0.25 முதல் 1 மில்லிமீற்றர் வரையானது, 1 கிராம் போத்தலுக்குச் சுமார் 2 மில்லிலீற்றர் வரும். 1 முதல் 2 மில்லிமீற்றர் வரையான பெரிய துகள் அதே 1 கிராமில் சுமார் 3 மில்லிலீற்றர் வரும். பக்கச் சுவரில் ஜன்னல் திறந்து செய்யும் சைனஸ் லிஃப்ட்டுக்குப் பெரிய துகள்தான் பொருத்தம். துகள்களுக்கு நடுவில் இடைவெளி கூடுதல் என்பதால் புதிய இரத்தக் குழாய்கள் நுழைய வழி கிடைக்கிறது. ஆக, வைத்தியமும் இலாபம், காசும் இலாபம். சிறு துகளை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாக் கேஸுக்கும் அதையே கொட்டுவது வெறும் பழக்கதோஷம்.

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பல் வைத்தியர்களுக்காக எழுதுகிறோம். மேல் கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) கேட்டுப் போய், எஸ்டிமேட்டில் "போன் கிராஃப்ட்" என்று ஒரு வரியைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களும் வாசிக்கலாம். அவர்களுக்காக விஷயம் இவ்வளவுதான்: மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு இரண்டு பக்கமும் குறையும். வாய்ப் பக்கம் கரையும். மேலே கன்னத்துக்குள் இருக்கும் காற்றுக்குழி, அதாவது சைனஸ், கீழே இறங்கி வரும். பல் போய்ப் பல வருடம் ஆனவர்களில் முரசுக்கும் சைனஸுக்கும் நடுவே 2, 3 மில்லிமீற்றர் எலும்பு மட்டும் மிஞ்சியிருப்பது சாதாரணம். இம்பிளான்ட்டுக்கு 8 முதல் 10 மில்லிமீற்றர் வேண்டும். குழியின் அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அதற்குக் கீழே கிடைக்கும் இடத்தில் எலும்புத் தூளை வைப்பதுதான் சைனஸ் லிஃப்ட். ஹில்ட் டாட்டம் 1970களில் தொடங்கிவைத்த வேலை. 1980இல் பொய்னும் ஜேம்ஸும் இடுப்பெலும்பை எடுத்து வைத்துச் செய்த முறையைப் பிரசுரித்தார்கள். இடுப்பை வெட்டும் அவசியம் இன்று ஒன்றிரண்டு பல்லுக்கு இல்லவே இல்லை.

பயோ-ஓஸ்

சுவிட்சர்லாந்தின் கைஸ்ட்லிஹ் நிறுவனத்துத் தயாரிப்பு. மாட்டெலும்பிலிருந்து புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தாதுவை மட்டும் வைத்திருக்கிறார்கள். 0.25, 0.5, 1, 2 கிராம் போத்தல்களில் கிடைக்கிறது. இதன் பலம் ஒன்றே ஒன்று: கரையாது என்று சொல்லுமளவுக்கு மெதுவாகக் கரையும். சைனஸுக்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. விரைவாகக் கரையும் பொருளை வைத்தால் அந்த அழுத்தம் சவ்வைத் திரும்பக் கீழே தள்ளிவிடும். ஆறு மாதத்தில் தூக்கிய உயரத்தில் ஒரு பகுதி போய்விடும். பயோ-ஓஸ் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 11 வருடம் கழித்து எடுத்த எலும்பு மாதிரிகளிலும் அதன் துகள்கள் புது எலும்புக்குள் பொதிந்து கிடந்ததாக ஆய்வு உண்டு.

அதே குணம்தான் அதன் குறையும். எக்ஸ்ரேயில் வெள்ளையாக, நிறைந்து, அழகாகத் தெரியும். அதைப் பார்த்து "எலும்பு வந்துவிட்டது" என்று நான்காம் மாதமே துளைபோடப் போகிறவர்கள் உண்டு. தெரிகிற வெள்ளையில் பெரும்பங்கு நாம் வைத்த தூள்தான். சுவரிலிருந்து புது எலும்பு வளர்ந்து துகள்களைச் சுற்றிக் கட்ட நேரம் எடுக்கும். பயோ-ஓஸ் மட்டும் வைத்தால் 8, 9 மாதம் பொறுப்பது நல்லது. நோயாளியின் சொந்த எலும்பைச் சுரண்டிக் கலந்தால் 6 மாதம் அளவில் துளையிடலாம். முந்தினால் டிரிலுக்கு மணல் போல உதிரும், இம்பிளான்ட் பிடி கிடைக்காது.

சொந்த எலும்பு என்றதும் தாடையின் பின்பக்கத்தை வேறாக வெட்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் திறக்கப் போகும் அதே பக்கச் சுவரையே, திறப்பதற்கு முன், எலும்பு சுரண்டியால் மெல்ல மெல்லச் சீவினால் அரை மில்லிலீற்றர் தேறும். சுவரும் மெலிந்து நீலநிறச் சவ்வு தெரியத் தொடங்கும். ஒரே அசைவில் இரண்டு வேலை. அந்தச் சீவலை நோயாளியின் இரத்தத்தோடு சேர்த்துப் பயோ-ஓஸில் குழைத்தால் நாலில் ஒரு பங்கு சொந்த எலும்பு வந்துவிடும். தூள் பாக்கெட்டுக்குச் செலவழிக்கும் காசில் நல்ல சுரண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்பது எங்கள் முதல் சிபாரிசு.

அளவு: ஒரு பல்லுக்கு ஜன்னல் முறையில் 1 முதல் 1.5 மில்லிலீற்றர். அடுத்தடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு 2 முதல் 3. பெரிய துகளில் 0.5 கிராம் ஒரு பல்லுக்குச் சரியாகப் போதும். பாதிப் போத்தல் மிஞ்சினால் எடுத்து வைக்கக் கூடாது. ஒட்டோகிளேவில் போட்டுத் திரும்பப் பாவிப்பது எந்த நியாயத்திலும் சேராது. இதனால்தான் 2 கிராம் போத்தல் ஒன்றை விட 0.5 கிராம் நான்கு வைத்திருப்பது மலையகத்தில் புத்தி. கேஸ் குறைவு, மிச்சம் வீண் போகும்.

நனைப்பதிலும் பிழை வரும். சேலைனிலோ இரத்தத்திலோ ஊறவைத்து, மிதந்து நிற்கும் நீரைக் கோஸ் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். குழம்பு மாதிரி விட்டால் ஜன்னல் வழியே வழியும். உலர விட்டால் துகளின் கூர்முனை சவ்வைக் கிழிக்கும். உள்ளே வைத்ததும் இறுக்கி அடிக்கவும் கூடாது. தட்டித் தட்டிச் செறித்தால் நடுவில் இரத்தம் போகாமல் அப்படியே கிடந்து சீழ் கட்டும். கருவியின் பின்முனையால் இலேசாக ஒதுக்கினால் போதும்.

மாடும் பன்றியும்

கடைப் பிரதிநிதிகள் பேசாமல் தாண்டிப் போகும் இடம் இது. பயோ-ஓஸ் மாட்டெலும்பு. அதற்கு மேல் மூடுவதற்கு அதே நிறுவனம் தரும் பயோ-கைட் மெம்பிரேன் பன்றிக் கொலாஜன். தோட்டப்புறத்தில் மாட்டிறைச்சி தொடாத குடும்பங்கள் நிறைய. அக்குறணைப் பக்கமிருந்து வரும் முஸ்லிம் நோயாளிக்குப் பன்றி என்றால் பேச்சே இல்லை. சம்மதப் படிவத்தில் "எலும்பு மாற்றுப் பொருள்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்குவது ஏமாற்று. "டொக்டர், இது என்ன எலும்பு?" என்று கேட்கும் முன்னரே சொல்லிவிட வேண்டும். சொன்னால் பலர் "மருந்துதானே, பரவாயில்லை" என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். இரண்டுமே அவர்கள் முடிவு.

மாட்டுப் பொருள் ஏற்பவருக்குப் பன்றி மெம்பிரேனுக்குப் பதிலாகப் பயோமென்ட் உண்டு. அது மாட்டின் குதிநாணிலிருந்து எடுத்த கொலாஜன். இரண்டும் வேண்டாம் என்பவருக்குச் செயற்கைத் தூளும் சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பி.ஆர்.எஃப் கட்டியும் போதும். மனித எலும்பு வேண்டுமானால், கொழும்பில் இலங்கை கண்தானச் சங்கத்தின் மனித இழைய வங்கி என்று ஒன்று இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

செயற்கைத் தூள்

இங்கே பெட்டியில் எழுதியிருக்கும் விகிதத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு உப்புகளின் கலவைதான் எல்லாம்: ஹைட்ரொக்ஸிஅபடைட் நின்று பிடிக்கும், பீட்டா ட்ரைகல்சியம் பொஸ்பேட் கரைந்து எலும்புக்கு இடம் விடும். விகிதத்தில் முதல் எண் ஹைட்ரொக்ஸிஅபடைட். ஸ்ட்ராமான் போன்செராமிக் 60க்கு 40. டென்டியம் நிறுவனத்தின் ஒஸ்டியோன் 70க்கு 30. அதே நிறுவனத்தின் ஒஸ்டியோன் 2 தலைகீழாக 30க்கு 70. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, வேலை வேறு. இரண்டாவதைச் சைனஸில் தனியாக நிரப்பி ஒரு வருடம் விட்டால் உயரம் இறங்குவதைக் காணலாம். பல் பிடுங்கிய குழியை நிரப்ப அது நல்லது. சைனஸுக்கு 60, 70 பக்கம் நிற்கும் கலவையை எடுங்கள். செராசோர்ப் போன்ற முழு ட்ரைகல்சியம் பொஸ்பேட் தூளைச் சொந்த எலும்பு சேர்க்காமல் சைனஸில் போட நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

மொத்தத்தில் நல்ல செயற்கைத் தூள் பயோ-ஓஸுக்கு மிகவும் பின்னால் இல்லை. இம்பிளான்ட் நிலைத்து நிற்பதில் ஆய்வுகள் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. கையில் எடுக்கும்போது ஒட்டாமல் உதிர்வதும், இரத்தம் மெதுவாக உறிஞ்சுவதும் சிறு எரிச்சல்கள்.

பி.ஆர்.எஃப்: இரத்தத்தைச் சுழற்றி

நோயாளியின் கையிலிருந்து 9, 10 மில்லிலீற்றர் குழாய்களில் இரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், நிமிடத்துக்கு 2,700 சுற்றில் 12 நிமிடம் சுழற்றினால் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபைப்ரின் கட்டி கிடைக்கும். தட்டி மெம்பிரேன் ஆக்கலாம். துண்டு துண்டாக நறுக்கித் தூளோடு கலந்தால் துகள் சிதறாமல் ஒன்றாக நிற்கும். விலை மலிவு, மத விவாதம் இல்லை, முரசு ஆறுவது நன்றாக இருக்கும்.

இதைத் தூளுக்கு மாற்றாக விற்பவர்களை நம்பவேண்டாம். ஃபைப்ரின் இரண்டு கிழமைக்குள் கரைந்துவிடும். இடத்தைப் பிடித்து வைக்காது. துணைக்கு அருமை, தனிக்கு இல்லை.

இரத்தம் எடுத்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் குழாய் இயந்திரத்துக்குள் போய்விட வேண்டும். எட்டுக் குழாயை எடுத்து முடித்துவிட்டு மொத்தமாக வைப்போம் என்று நின்றால் முதல் குழாய் ஏற்கனவே உறையத் தொடங்கியிருக்கும், கட்டி சிறுத்துப்போகும். நாலு குழாய் எடு, சுழற்று, பிறகு அடுத்த நாலு. காற்று மழையில் கரண்ட் போகும் ஊர்களில் இயந்திரத்தை யூ.பி.எஸ்ஸில் மாட்டாமல் இரத்தம் எடுக்கவே கூடாது. நடுவில் நின்ற சுழற்சியைத் திரும்பத் தொடங்கி மீட்க முடியாது. இன்னொரு தரம் ஊசி குத்த வேண்டியதுதான்.

ஜன்னலா, கீழிருந்தா

எந்தத் தூள் என்று கேட்கும் முன், எந்த வழி என்று ஸ்கேனைப் பார்க்க வேண்டும். சாதாரணப் பல் எக்ஸ்ரே போதாது. கூம்புக் கதிர் சி.டி. எடுத்து எலும்பு உயரத்தோடு இன்னும் நாலு விஷயம் பார்க்க வேண்டும்: சவ்வின் தடிப்பு, குழிக்குள் குறுக்குச் சுவர் உண்டா, பக்கச் சுவருக்குள் ஓடும் தமனி எந்த உயரத்தில், மூக்குக்குத் திறக்கும் வாசல் திறந்திருக்கிறதா. குறுக்குச் சுவர் நாலு பேரில் ஒருவருக்காவது இருக்கும். அதை அறியாமல் சவ்வைத் தூக்கப்போனால் அந்த விளிம்பில்தான் கிழியும். பீனிசம் என்று அடிக்கடி சொல்லும் நோயாளியின் ஸ்கேனில் வாசல் அடைபட்டிருந்தால் முதலில் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் அனுப்புங்கள். தூள் காத்திருக்கும்.

மீதி எலும்பு 5 மில்லிமீற்றருக்கு மேல், தூக்க வேண்டியது 3 அளவில் என்றால் கீழிருந்து, இம்பிளான்ட் துளை வழியாகவே தூக்கலாம். 1994இல் சம்மர்ஸ் சொன்னது ஒஸ்டியோடோம் என்ற உளி போன்ற கருவியைச் சுத்தியலால் தட்டி அடித்தளத்தை உடைக்கும் முறை. அது இன்றும் வேலை செய்கிறது. ஆனால் தட்டலின் அதிர்வு காதுக்குள் இருக்கும் படிகங்களைக் குலைத்து, நோயாளி வீட்டுக்குப் போய்க் கட்டிலில் திரும்பினாலே உலகம் சுற்றுகிற நிலை சிலருக்கு வருகிறது. ஹக்கல வளைவுகளில் பஸ் ஏறிப் போகப்போகும் ஒருவருக்கு அந்தத் தலைச்சுற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

அதற்கு மாற்றாக இப்போது அதிகம் பாவிப்பது ஒஸ்டெம் நிறுவனத்தின் காஸ் கிட். டிரிலின் நுனி உள்குழிந்திருப்பதால் சீவிய எலும்பு அங்கே தேங்கிச் சவ்வுக்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தையாக நிற்கும். 2 முதல் 12 மில்லிமீற்றர் வரை ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும், டிரில் ஆழம் தாண்டாமல் தடுக்கும் ஸ்டொப்பர் இருப்பதுதான் கிட்டின் உண்மையான மதிப்பு. ஸ்கேனில் 6 மில்லிமீற்றர் என்றால் 5இன் ஸ்டொப்பரில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற வேண்டும். அவசரத்தில் இரண்டு படி தாவுகிறவர்களுக்குத்தான் கிழிகிறது.

அடித்தளம் திறந்ததும் சேலைன் நிரப்பிய சிறு சிரிஞ்சைத் துளையில் காற்றுப் போகாமல் பொருத்தி, 0.2 அல்லது 0.3 மில்லிலீற்றரை மிக மெதுவாகத் தள்ளி, திரும்ப இழுத்து, மீண்டும் தள்ள வேண்டும். இங்கே கண்ணைச் சிரிஞ்சில் வையுங்கள். போன அளவு அப்படியே, இரத்தச் சாயத்தோடு திரும்பி வந்தால் சவ்வு முழுசு. பாதிதான் வந்தால், குமிழி வந்தால், நோயாளி தொண்டைக்குள் உப்புத் தண்ணீர் இறங்குகிறது என்று கைகாட்டினால், கிழிந்துவிட்டது. அந்த நிலையில் தூள் போடவே கூடாது. போட்டால் துகள் குழிக்குள் மிதந்து பீனிசம் கட்டும். முழுசாக இருந்தால் சிறு துகள் 0.25 கிராம் போத்தல் ஒன்று போதும். பெரிய துகள் இந்த ஒடுங்கிய துளைக்குள் அடைத்துக்கொள்ளும்; சிறு துகளுக்கு உரிய இடம் இதுதான்.

மீதி எலும்பு 4க்குக் கீழ் என்றால் கீழிருந்து முயல வேண்டாம், ஜன்னல்தான். ஜன்னலின் கீழ் விளிம்பு சைனஸ் தளத்திலிருந்து 2, 3 மில்லிமீற்றர் மேலே இருக்க வேண்டும். தளத்தோடு சமமாக வெட்டினால் தூள் தங்க உதடு இல்லாமல் போகும். அதிக உயரத்தில் வெட்டினால் தளத்திலிருக்கும் சவ்வுக்குக் கியூரெட், அதாவது சவ்வைத் தூக்கும் கரண்டி போன்ற கருவி, எட்டாது. முன் விளிம்பு சைனஸின் முன்சுவருக்கு 3 மில்லிமீற்றர் பின்னால். வெட்டுவதற்குப் பீசோ, அதாவது அதிர்வால் வெட்டும் கருவி, இருந்தால் அதுவே; எலும்பைத்தான் வெட்டும், மென்மையான சவ்வைச் சாதாரணமாக வெட்டாது. தமனி குறுக்கே ஓடும் கேஸில் அதன் அருமை தெரியும். பீசோ வாங்க வசதியில்லாதவர்களுக்கு டென்டியத்தின் டாஸ்க் கிட் போன்ற குவிமாட வடிவ வைர டிரில் நல்ல சமாதானம்.

சவ்வைத் தூக்கும் வரிசை முக்கியம்: முதலில் தளம், பிறகு முன்பக்கம், கடைசியாக மூக்குப் பக்கத்து உட்சுவர். கியூரெட்டின் விளிம்பு எந்நேரமும் எலும்பிலேயே உரச வேண்டும். உட்சுவர்வரை தூக்காமல் பாதியில் நிற்பவர்கள் பலர். எக்ஸ்ரேயில் உயரம் வந்ததுபோலத் தெரியும், ஆனால் தூளுக்கு ஒரு பக்கச் சுவரின் இரத்தமே கிடைக்காமல் போகும். சவ்வு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் நல்ல சகுனம். தூளை உட்சுவரில் தொடங்கி வெளியே நிரப்பி வாருங்கள். குழியின் வாசல் உயரம் வரை நிரப்பும் ஆசை வேண்டாம்; 10 மில்லிமீற்றர் இம்பிளான்ட்டுக்கு மேல் 2 மில்லிமீற்றர் போதும்.

கிழிந்தால்? கைதேர்ந்தவர்களுக்கும் ஐந்தில் ஒன்று என்ற அளவில் நடக்கிற விஷயம், மறைக்கத் தேவையில்லை. 5 மில்லிமீற்றருக்குள் என்றால் சுற்றியுள்ள சவ்வை இன்னும் தளர்த்தினால் மடிந்து தானே மூடும். மேலே கொலாஜனோ பி.ஆர்.எஃப்போ ஒரு துண்டு. 10 வரை என்றால் 25க்கு 25 மில்லிமீற்றர் மெம்பிரேனை மேற்கூரையாக விரித்து, ஓரத்தை ஜன்னலுக்கு வெளியே மடித்து நிறுத்த வேண்டும். இந்த இடத்தில் பி.ஆர்.எஃப் மட்டும் தாங்காது. அதற்கு மேல் என்றால் மூடித் தைத்துவிட்டு மூன்று மாதமாவது பொறுத்துத் திரும்ப வாருங்கள். நோயாளி ஹப்புத்தளையிலிருந்து வந்திருக்கிறார், இன்னொரு பயணம் பாவம் என்று இரக்கப்பட்டுத் தூளைப் போட்டு அனுப்பினால், சீழும் துகளும் மூக்கு வழியே வடியும்போது அவர் அதைவிடப் பல பயணம் வரவேண்டியிருக்கும்.

மேலே ஏறும் நோயாளி

கண்டி சுமார் 500 மீற்றர், நுவரெலியா சுமார் 1,870. கண்டியில் சைனஸ் லிஃப்ட் முடிந்து அன்று மாலையே றம்பொடை ஏறி வீடு போகிறவர் கிட்டத்தட்ட விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குப் போகிறார். விமானப் பயணம் வேண்டாம் என்று அச்சடித்த அறிவுரைத் தாளைக் கொடுத்துவிட்டு இந்தப் பயணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சைனஸ் மூக்குக்குத் திறக்கும் வாசல் திறந்திருந்தால் பயமில்லை, பஸ் மெதுவாகத்தான் ஏறும், அழுத்தம் தானே சமப்படும். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தால் அடைபட்ட காற்று விரிந்து, புதிதாகத் தூக்கிய சவ்வைத் தள்ளும். நல்ல வலியும் வரும். தடிமனோடு வந்தவரை இரண்டு கிழமை தள்ளிப் போடுங்கள். மூக்குக்கு ஸைலோமெட்டசோலின் சொட்டை மூன்று முதல் ஐந்து நாள் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முடிந்தால் மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்தவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. ஊவாப் பக்கத்துக்கு மழை வேறு காலம்.

தடைகள்: இரண்டு கிழமை மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைப் பொத்தித் தும்மினால் ஒரே அடியில் தையலும் தூளும் போய்விடும். ஸ்ட்ரோவில் உறிஞ்சக் கூடாது. சிகரெட், பீடி, வெற்றிலை மூன்றும் நிறுத்த வேண்டும். கொழுந்து பறிப்பவர் என்றால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமக்கிற வேலையும் குனிந்து மூட்டை தூக்குகிற வேலையும் இரண்டு கிழமைக்குக் கூடாது. "பாரம் தூக்க வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் கொழுந்து பாரத்தில் சேராது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கு எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சீனிச் சராசரி) 8க்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

நூல் வெட்ட 10 முதல் 14 நாள். இடையில் மூக்கிலிருந்து இரண்டொரு துகள் மணல் மாதிரி விழுவதும், மூன்று நாள் இரத்தச் சளி வருவதும் சாதாரணம். ஒரு பக்க மூக்கிலிருந்து நாற்றமுள்ள சளி, கன்னம் திரும்ப வீங்குதல், குனிந்தால் பாரம்: இவை வந்தால் அடுத்த பஸ்ஸில் வரச் சொல்ல வேண்டும். பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் பரிந்துரைக் கடிதத்தைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையில் கொடுத்துவிடுவது தூரத்து நோயாளிக்குப் பெரிய உதவி.

வாங்காமலும் விடலாம்

இரண்டு கட்டமாகச் செய்யும் லிஃப்ட் என்றால் ஸ்கேன், சத்திரசிகிச்சை, நூல், பரிசோதனை, இம்பிளான்ட், மீண்டும் நூல், திறப்பு, அளவு, பல் என்று பயணங்கள் நீளும். தோட்டத்து நோயாளிக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிற கணக்கு. மீதி எலும்பு 6 மில்லிமீற்றர், அகலம் நன்றாக இருந்தால் 6 மில்லிமீற்றர் குட்டை இம்பிளான்ட்டை லிஃப்ட்டே இல்லாமல் வைக்கலாம். பல வருடக் கண்காணிப்பில் அவை கௌரவமாகவே நிற்கின்றன. 5, 6 மில்லிமீற்றர் இருக்கும் இடத்தில் கீழிருந்து 2 மில்லிமீற்றர் மட்டும் தூக்கி, தூளே போடாமல் இம்பிளான்ட்டைக் கூடாரக்கம்பு போல நிறுத்தினாலும் இரத்தக் கட்டியிலிருந்து எலும்பு வரும். எஸ்டிமேட் கையில் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் தங்கள் டொக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

வாங்குவதானால், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு உள்ள முகவரிடம் மட்டும் வாங்குங்கள். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி சுருங்கிய காலத்துக்குப் பிறகு "ஒரு ஆள் கொண்டுவந்தது" என்று மலிவாகச் சுற்றும் போத்தல்கள் மீது சந்தேகம் இருக்கட்டும். போத்தலோடு லொட் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுங்கள், இன்னொன்றை அவர் கையில் கொடுக்கும் அட்டையில் ஒட்டுங்கள். நோயாளியாக இருந்தால் அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்துக் கொழும்பிலோ லண்டனிலோ வேறொரு டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.